பால்டர்ஸ் கேட் 3: பகடை உருளும் முன் செய்ய வேண்டியவை

"அண்ணே, அடி விழ 95 சதவிகித வாய்ப்புன்னு காட்டுது. அப்புறம் எப்படி மிஸ் ஆகும்?" பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டைத் தொடங்கும் தம்பிமார்கள் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி இது. விடை எளிது. இந்த விளையாட்டில் நீங்கள் என்ன செய்தாலும் பின்னால் 20 முகப் பகடை ஒன்று உருள்கிறது. வாள் வீசும்போது அதில் 1 விழுந்தால், எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் குறி தவறும். இருபதில் ஒன்று, அதாவது 5 சதவிகிதம்.

அந்த 5 சதவிகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் 55 சதவிகிதத்தை 90-க்குப் பக்கத்தில் கொண்டுபோவது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. அதற்கான கருவிகளை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். புதியவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பகடை விழுந்த பிறகு பழைய சேவ் ஃபைலைத் திறந்து, மறுபடி உருட்டி, மறுபடி திறந்து, கடைசியில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்து பெருவிரைவு ரயிலில் வீடு வந்து, சாப்பிட்டு, இரவில் இரண்டு மணி நேரம் மட்டும் கிடைக்கிற ஆளுக்கு அது பெரிய வீண். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு விதியையும் ஏன் அப்படி வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் பிடிபட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கதையின் திருப்பங்களைத் தொட மாட்டேன்.

சுருக்கமாகப் பின்னணி. முதல் இரண்டு பாகங்களை உருவாக்கியது பயோவேர். வெளிவந்தது 1998-இலும் 2000-இலும். சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், வேண்டும்போது நிறுத்திக் கட்டளை கொடுக்கலாம். மூன்றாவது பாகத்தை எடுத்தது பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இருக்கும் லாரியன் ஸ்டூடியோஸ். அவர்களுக்கு நம் பக்கத்தில் கோலாலம்பூரிலும் ஒரு கிளை உண்டு. 2020 அக்டோபரில் முற்றுப்பெறாத வடிவத்தை விற்பனைக்கு விட்டு, விளையாடுபவர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போய், 2023 ஆகஸ்ட்டில் முழு விளையாட்டை வெளியிட்டார்கள். சண்டையை முறை வைத்து ஆடும் வகைக்கு மாற்றியதுதான் அவர்கள் எடுத்த மிகப் பெரிய முடிவு. இந்த விளையாட்டுக்கு அடிப்படை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பின் விதிகள் மேசையில் உட்கார்ந்து நிதானமாக ஆடுவதற்காக எழுதப்பட்டவை. அவற்றை ஓட்டத்தில் வைத்தால் பாதி விதிகள் கண்ணிலேயே படாது.

முதல் படி: தொடங்கும் முன்

எஸ்எஸ்டியில் 150 ஜிபி இடம் வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டுத் திணறாதீர்கள். விளையாட்டு முழுக்கப் பெரியவர்களுக்கானது: ரத்தம், உடல் நெருக்கம் எல்லாம் வெளிப்படையாக வரும். வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் அம்மா பக்கத்தில் இருக்கும்போது போடுகிற விளையாட்டு இல்லை. உடம்பு தெரிகிற காட்சிகளை மறைக்க அமைப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

கடினநிலையில் நடுத்தரமான 'பேலன்ஸ்டு' எடுங்கள். 'எக்ஸ்ப்ளோரர்' எளிது, ஆனால் ஒரே ஆளில் இரண்டு வகுப்புகளை (வாள்வீரர், மந்திரவாதி மாதிரியான தொழில் வகைகளை) கலக்கும் வசதி அதில் கிடையாது. தவிர, எதிரி அடிக்கவே இல்லையென்றால் கீழே சொல்லப்போகிற எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

'கார்மிக் டைஸ்' என்று ஓர் அமைப்பு முன்கூட்டியே இயங்கிக்கொண்டிருக்கும். தொடர்ந்து தோற்றுக்கொண்டே போகாதபடி பகடையை மெல்ல வளைப்பது அதன் வேலை. ஆறு தடவை வரிசையாகக் குறி தவறினால் மனிதர்கள் கணினி ஏமாற்றுகிறது என்றுதான் நினைப்பார்கள், அதனால்தான் அதை வைத்தார்கள். எனக்கு அது பிடிக்காது, நான் அணைத்துவிடுவேன். எதிரியின் பகடைக்கும் அதே சலுகை உண்டு என்பதால், கனமான கவசம் போட்டுக்கொண்டு அடி வாங்காமல் நிற்பவருக்கு அது பாதகமாக முடியும்.

இரண்டாம் படி: கேரக்டரை உருவாக்குவது

இந்த இடத்தில் ஒரு மணி நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. முகம், கொம்பு, கண் நிறம் எல்லாம் உங்கள் இஷ்டம். கவனம் வைக்க வேண்டியது ஆறு எண்கள்: ஸ்ட்ரெங்த் (வலிமை), டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிட்யூஷன் (உடல் தாங்குசக்தி), இன்டெலிஜென்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (பேச்சும் ஆளுமையும்). செலவழிக்க 27 புள்ளிகள் தருவார்கள். எண்கள் 8-இல் தொடங்கும், 13 வரை ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு புள்ளி, அதற்கு மேல் 14-க்கும் 15-க்கும் இரண்டிரண்டு. கடைசியில் ஓர் எண்ணுக்கு 2-ம் இன்னொன்றுக்கு 1-ம் கூட்டிக்கொள்ளலாம்.

பகடையோடு சேர்வது இந்த எண் இல்லை, அதிலிருந்து 10-ஐக் கழித்துப் பாதியாக்கி, பின்னத்தைக் கீழே விட்டால் கிடைப்பது. 14-க்கும் 15-க்கும் +2. 16-க்கும் 17-க்கும் +3. ஆக ஒற்றைப்படை எண் தன் பங்குக்கு எதுவும் தராது. நான்காம் லெவலில் ஒன்றைக் கூட்டும் எண்ணம் இருந்தால் மட்டும் 17 வைக்கலாம், இல்லையென்றால் 16-இல் நிறுத்தி மிச்சத்தைக் கான்ஸ்டிட்யூஷனில் போடுங்கள். உயிர்ப்புள்ளி அதில்தான் இருக்கிறது.

வகுப்பு எது? மொத்தம் 12. முதல் தடவைக்கு என் பரிந்துரை கரிஸ்மாவை நம்பி இருக்கும் ஒன்று: பாலடின் (சபதம் ஏற்ற வீரர்), பார்ட் (பாடகர்), வார்லாக், சார்சரர் (இரண்டும் மந்திரவாதி வகை). பேச்சில் எப்போதும் முன்னால் நிற்பது நீங்கள்தான், பேசத் தெரியாத தலைவரால் குழு முழுக்கத் தவிக்கும். பாலடின் வாளும் பிடிப்பார், பேசவும் செய்வார், ஆரம்பத்தில் எளிதில் சாகவும் மாட்டார்.

ஷேடோஹார்ட், அஸ்டேரியன், கார்லாக் மாதிரி ஏற்கெனவே கதை எழுதப்பட்ட ஆள்களாகவே ஆடவும் வழி இருக்கிறது. முதல் முறைக்கு வேண்டாம். அவர்கள் துணையாக வந்து, தங்கள் ரகசியத்தைச் சொல்லாமல் மறைத்து, பிறகு வாய் திறப்பதில்தான் சுவையே இருக்கிறது.

தவறான வகுப்பை எடுத்துவிட்டோமோ என்று பயப்படவும் வேண்டாம். ஆரம்பத்திலேயே விதர்ஸ் என்ற எலும்பும் தோலுமான ஒருவர் உங்கள் முகாமுக்கு வந்து சேர்வார். 100 தங்கம் கொடுத்தால் வகுப்பு, எண்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றித் தருவார். இனம் மட்டும் மாறாது. துணைவர்களுக்கும் இதைச் செய்யலாம். பழைய விளையாட்டுகளில் நாற்பது மணி நேரம் கழித்து 'இந்த ஆளை வைத்து ஒன்றும் ஆகாது' என்று தெரியவரும்போது வரும் எரிச்சலை லாரியன் 100 தங்கத்தில் தீர்த்துவிட்டது. விலையை இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: கணக்கு

வாயிற்காவலரைச் சமாதானப்படுத்த வேண்டும். எட்ட வேண்டிய எண் 15 என்று திரையில் போட்டிருக்கிறது. உங்கள் கரிஸ்மா +3, அந்தத் திறனில் பயிற்சி இருப்பதால் +2. ஆக +5. பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் பதினொரு முகங்கள், 55 சதவிகிதம்.

இப்போது குழுவில் இருக்கும் கிளெரிக் (கடவுள் அருளால் மந்திரம் போடுபவர்) 'கைடன்ஸ்' என்ற மந்திரத்தை உங்கள்மேல் போடுகிறார். அதற்குச் செலவே இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். நான்கு முகப் பகடை ஒன்று கூடச் சேரும். 55 என்பது 67.5 ஆகிறது.

கைடன்ஸை விட்டுவிட்டு 'அட்வான்டேஜ்' வாங்கினால் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்வீர்கள். இரண்டும் தோற்க 0.45 பெருக்கல் 0.45, அதாவது ஏறக்குறைய 20 சதவிகித வாய்ப்புதான். மீதி 80 உங்களுக்கு. இரண்டையும் சேர்த்தால் 89.

ஒரு நுணுக்கம். கைடன்ஸும், கரிஸ்மாவுக்கு அட்வான்டேஜ் தரும் 'என்ஹான்ஸ் எபிலிட்டி'யும் 'கான்சன்ட்ரேஷன்' கேட்கிற மந்திரங்கள். ஓர் ஆளால் ஒரு நேரத்தில் அப்படிப்பட்ட ஒன்றைத்தான் பிடித்து வைத்திருக்க முடியும். எனவே இரண்டு வேறு ஆள்கள் போட வேண்டும். நால்வர் குழுவில் மந்திரம் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

மேசை விளையாட்டில் இல்லாத ஒரு விதியும் இங்கே இருக்கிறது. ஐந்தாம் பதிப்புப் புத்தகத்தின்படி, 1 விழுந்தால் தானாகத் தோல்வி என்பது தாக்குதலுக்குத்தான். பூட்டைத் திறப்பதற்கும் பேசி மயக்குவதற்கும் அது கிடையாது. லாரியன் அதையும் தோல்வியாக்கிவிட்டது. +15 வைத்திருக்கும் திருடன் சின்னப் பூட்டில் மாட்டிக்கொள்வது அபத்தம்தான். ஆனால் அந்த விதி இல்லையென்றால் கடைசிப் பகுதியில் பகடை வெறும் அலங்காரமாகிவிடும், யாரும் திரையைப் பார்க்கவே மாட்டார்கள். அட்வான்டேஜ் இருந்தால் இரண்டும் 1 விழுவது 400-இல் ஒரு முறை. அதனால் கடைசிவரை அட்வான்டேஜுக்கு மதிப்புக் குறைவதில்லை.

இதற்குப் பிறகும் தோற்றால் 'இன்ஸ்பிரேஷன்' புள்ளியைக் கொடுத்து மீண்டும் உருட்டலாம். கேரக்டரை உருவாக்கும்போது தேர்ந்தெடுத்த பின்னணிக்குப் பொருத்தமான காரியங்களைச் செய்யும்போது அது கிடைக்கும். நான்குக்கு மேல் சேராது, எனவே சேர்த்து வைப்பதில் பயனில்லை. செலவழியுங்கள்.

நான்காம் படி: சண்டை

ஒவ்வொரு முறையிலும் நடக்கும் தூரம், ஓர் 'ஆக்‌ஷன்', ஒரு 'போனஸ் ஆக்‌ஷன்' கிடைக்கும். எதிரி உங்களைவிட்டு விலகும்போது அடிக்க ஒரு 'ரியாக்‌ஷன்' தனி. புதியவர்கள் ஆக்‌ஷனைப் பயன்படுத்திவிட்டு முறையை முடித்துவிடுவார்கள். போனஸ் ஆக்‌ஷன் வீணாகும். அதில் மருந்து குடிக்கலாம், தாண்டிக் குதிக்கலாம், எதிரியைப் பிடித்துத் தள்ளலாம்.

தள்ளுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேசை விளையாட்டில் தள்ளுவதற்கு ஒரு தாக்குதலை விட்டுக்கொடுக்க வேண்டும். லாரியன் அதைப் போனஸ் ஆக்‌ஷனாக்கியது. அதற்கேற்பச் சண்டை நடக்கும் இடங்களையும் பள்ளத்தாக்கு, உடைந்த பாலம், மாடி விளிம்பு என்று அமைத்தார்கள். முப்பது உயிர்ப்புள்ளி மிச்சமிருக்கிற எதிரியை ஒரே தள்ளில் அனுப்பிவிடலாம். ஆனால் அடியில்லாத பள்ளத்தில் விழுந்தவரின் உடைமையும் போய்விடும். நல்ல வாள் வைத்திருப்பவரைத் தள்ளும் முன் யோசியுங்கள்.

அடுத்தது உயரம். எதிரியின் ஏசி (அடி விழ எட்ட வேண்டிய எண்) 15, உங்கள் தாக்குதல் +5 என்றால் சமதரையில் 55 சதவிகிதம். மேலே ஏறி நின்று எய்தால் +2 சேர்ந்து 65. கீழிருந்து மேலே எய்தால் 45. ஓர் ஏணி ஏறுவதில் 20 சதவிகித வித்தியாசம். இதன் மேல், நான்கு முகப் பகடை ஒன்றைக் கூட்டும் 'பிளெஸ்' மந்திரம் இருந்தால் 77.5. மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் போடக்கூடிய பிளெஸ்தான் முதல் லெவலின் மிகச் சிறந்த மந்திரம் என்பேன். நெருப்பு வராது, வெடிக்காது, அதனால் யாரும் சீண்டுவதில்லை.

ஆரம்ப வடிவத்தில் உயரத்தில் நின்றாலே அட்வான்டேஜ் கிடைத்தது. எதிரியின் முதுகுப் பக்கம் போய் நின்றாலும் கிடைத்தது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் என்ன ஆனது? ஒளிந்து தாக்கும் ரோக், மந்திரத்தால் எதிரியைத் தடுமாற வைக்கும் விசர்ட் எல்லாரும் பாடுபட்டு வாங்குவதை ஓர் ஏணி இலவசமாகக் கொடுத்தது. எல்லாச் சண்டையும் மேட்டைப் பிடிக்கும் ஓட்டமாக மாறியது. முழு வெளியீட்டுக்கு முன்பே அதை எடுத்துவிட்டு +2 ஆக்கினார்கள். இந்த விளையாட்டில் அவர்கள் செய்த திருத்தங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

யார் முதலில் ஆடுவது என்பதற்கு மேசையில் 20 முகப் பகடை உருட்டுவார்கள். இங்கே நான்கு முகம்தான். எனவே டெக்ஸ்டெரிட்டி +3 உள்ளவர் பெரும்பாலும் முந்துவார். அடுத்தடுத்து முறை வரும் உங்கள் ஆள்களைக் கலந்தும் ஆட வைக்கலாம். ஒருவர் தண்ணீர்ப் புட்டியை எறிந்து தரையை நனைக்க, இன்னொருவர் மின்னலை இறக்கலாம்.

எதிரிகளில் மந்திரவாதி இருந்தால் அவரை முதலில் அடியுங்கள், கொல்ல முடியாவிட்டாலும் பரவாயில்லை. அடி விழும்போதெல்லாம் கான்சன்ட்ரேஷனைக் காப்பாற்ற அவர் பகடை உருட்ட வேண்டும். இலக்கு 10, அல்லது விழுந்த அடியில் பாதி, எது பெரியதோ அது. சின்னச் சின்ன அடி இரண்டு மூன்று விழுந்தாலே பெரிய மந்திரம் கலைந்துவிடும்.

நடுச் சண்டையில் சேவ் செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை வேலை இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ஐந்தாம் படி: ஓய்வு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், தவறு முழுக்க அவர்களுடையதும் இல்லை.

நீண்ட ஓய்வு எடுத்தால் எல்லாம் நிரம்பும். அதற்கு 40 அலகு உணவு வேண்டும், 'டாக்டிஷியன்' என்ற கடினமான நிலையில் 80. இரண்டு நீண்ட ஓய்வுகளுக்கு இடையில் இரண்டு குட்டி ஓய்வுகள் இலவசம். ஒவ்வொன்றும் பாதி உயிர்ப்புள்ளியைத் திருப்பித் தரும். வார்லாக்குக்கு மந்திரமும் திரும்பி வரும்.

மந்திரத்தை எப்போது செலவழிப்பது, எப்போது அடக்கி வைப்பது என்ற கவலைதான் ஐந்தாம் பதிப்பின் அடித்தளம். உணவுக்கு விலை வைத்தது அதற்காகத்தான். ஆனால் லாரியன் வழியெங்கும் ரொட்டியும் மீனும் பழமுமாகக் கொட்டி வைத்திருக்கிறது. கண்ணில் பட்ட பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்குப் பற்றாக்குறையே வராது.

கதையோ வேறு பாட்டுப் பாடுகிறது. தொடக்கத்திலேயே உங்கள் மூளைக்குள் ஒரு புழு புகுந்துவிடும். சில நாளில் நீங்கள் அரக்கனாக மாறிவிடுவீர்கள் என்று எல்லாரும் பயமுறுத்துவார்கள். அதை நம்பி, நேரம் ஓடுகிறதே என்று தூங்காமலே ஓடுகிறவர்கள் ஏராளம். அந்தக் கடிகாரம் உண்மையில் ஓடுவதில்லை. ஆனால் துணைவர்கள் மனம் திறந்து பேசும் காட்சிகளில் பெரும்பகுதி இரவு முகாமில்தான் வருகின்றன. ஓர் இரவுக்குச் சிலவே வரும். ஓய்வைத் தள்ளிப்போட்டால் காட்சிகள் வரிசையில் காத்துக் கிடந்து, கதை நகர்ந்ததும் காணாமலே போகும். அக்கறையாக, கதைக்கு மதிப்புக் கொடுத்து ஆடுகிறவர்தான் கதையை அதிகம் இழக்கிறார். இது வடிவமைப்பின் குறை, இன்றும் அப்படியே இருக்கிறது.

என் வழி: பெரிய சண்டை இரண்டு முடிந்தால் ஒரு நீண்ட ஓய்வு. உயிர்ப்புள்ளி நிறைய இருந்தாலும் சரி. விதிவிலக்கு ஒன்று உண்டு. கண் முன்னே கட்டடம் எரிகிறது, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறார் என்றால் தூங்கப் போகாதீர்கள். அந்த மாதிரி இடங்களில் மட்டும் நேரம் உண்மையாகவே கணக்காகும்.

ஆறாம் படி: பேச்சு

யாரை முன்னால் விட்டுப் போகிறீர்களோ அவர்தான் பேசுவார், நடுவில் ஆள் மாற்ற முடியாது. கரிஸ்மா உள்ளவரை முன்னே நிறுத்துங்கள். முக்கியமான இடம் என்று தோன்றினால் உள்ளே நுழையும் முன் சேவ் செய்யுங்கள், ஆனால் பகடை தோற்றதற்காக அதைத் திறக்காதீர்கள். பொத்தானைத் தவறி அழுத்தியதற்கு மட்டும் திறக்கலாம்.

ஏனென்றால், தோல்விக்குப் பின்னாலும் இவர்கள் காட்சி எழுதி வைத்திருக்கிறார்கள். தகவல் வைத்திருந்தவர் சண்டையில் செத்துப்போனாலும், பிணத்தோடு பேசும் மந்திரம் இருக்கிறது, ஐந்து கேள்வி கேட்கலாம். கொன்றது நீங்கள் என்றால் அந்தப் பிணம் உங்களிடம் வாய் திறக்காது. அப்போது மாறுவேட மந்திரத்தைப் போட்டுக்கொண்டு போனால் பேசும். இதையெல்லாம் யோசித்து எழுதியவர்களுக்கு, எல்லாப் பகடையிலும் ஜெயித்துக்கொண்டே போகிற ஆள் பெரிய அநியாயம் செய்கிறார்.

ஏழாம் படி: லெவல் 5 வரை பொறுமை

லெவல் 1-இலிருந்து 4 வரை எல்லாரும் ஒரு அடிக்குச் சுருண்டு விழுவார்கள். ஐந்தில் வாள்காரர்களுக்கு ஒரு ஆக்‌ஷனில் இரண்டு வீச்சு, மந்திரவாதிக்கு ஆறு முகப் பகடை எட்டை உருட்டும் 'ஃபயர்பால்', பயிற்சிக்கான +2 எல்லாருக்கும் +3. எனவே முதல் பகுதியில் கோப்ளின் கூட்டத்தின் கோட்டைக்குள் நுழையும் முன் சுற்றுவட்டாரம் முழுக்க அலைந்து, நான்கையாவது தொட்டுவிடுங்கள். அனுபவப் புள்ளி சண்டையில் மட்டும் இல்லை, இடங்களைக் கண்டுபிடிப்பதிலும் பேசி முடிப்பதிலும் கிடைக்கிறது.

வகுப்புக் கலப்பை ஐந்துக்கு முன் தொடாதீர்கள். லெவல் 12-உடன் நின்றுவிடும் விளையாட்டு இது. ஒரு வகுப்பில் நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று வரும் சிறப்புத் தேர்வுகளைக் கலப்பு தள்ளிப்போடும். பன்னிரண்டில் ஏன் நிறுத்தினார்கள்? பதின்மூன்றில் ஏழாம் நிலை மந்திரங்கள் திறக்கும். அவை ஒவ்வொன்றும் ஊரையே புரட்டக்கூடியவை, எழுதி வைத்த கதை தாங்காது.

எட்டாம் படி: நால்வராக, பிறகு ஹானர்

நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம், ஒரே திரையை இருவர் பிரித்தும் ஆடலாம். 2025 ஏப்ரலில் வந்த எட்டாவது பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு, ஒருவர் கணினியிலும் இன்னொருவர் பிளேஸ்டேஷனிலும் இருந்தாலும் சேர முடிகிறது. தேசிய சேவையில் இருக்கும் நண்பன் வெள்ளி இரவு முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வந்தால்தான் ஆட்டம் என்கிற குழுக்களுக்கு ஒரு யோசனை: அந்தக் குழுவுக்கென்று தனி ஆட்டம் வையுங்கள், அதைத் தனியாக முன்னே நகர்த்தாதீர்கள். ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் அந்தப் பேச்சைக் கேட்கலாம், விட்டுவிட்டுப் போய்ப் பெட்டியைத் திருடவும் செய்யலாம். இரண்டாவதுதான் நடக்கும்.

ஒரு முறை முடித்துவிட்டு 'ஹானர் மோட்' பக்கம் போங்கள். 2023 நவம்பர் இறுதியில் சேர்க்கப்பட்டது. ஒரே ஒரு சேவ், அதுவும் தானாக எழுதப்படும். பெரிய எதிரிகளுக்கு நம் முறையின் நடுவிலும் குறுக்கிடும் கூடுதல் சக்தி உண்டு. குழு மொத்தமும் செத்தால் ஹானர் முடிந்தது. ஆனால் ஒருவர் உயிரோடு இருந்தால் போதும். எதிரிகளிடமிருந்து தள்ளிப் போய், சண்டையிலிருந்து தப்பும் பொத்தானை அழுத்தினால் அவர் முகாமுக்குப் போய்ச் சேர்வார். அங்கே விதர்ஸ் தலைக்கு 200 தங்கம் வாங்கிக்கொண்டு மற்றவர்களை எழுப்பித் தருவார். ஆகவே பெரிய சண்டை எதுவாக இருந்தாலும், நால்வரில் ஒருவரைத் தூரத்திலேயே நிறுத்துங்கள். 600 தங்கத்தை எப்போதும் அவர் பையிலேயே வையுங்கள்.